ஜனாதிபதித் தேர்தலில் யார் நிற்கலாம்? கட்சி, கையெழுத்து, கட்டுப்பணம்

2024 செப்டெம்பரில் ஒரு திருமண வீட்டுப் பந்தலில் இருந்தேன். ஜனாதிபதித் தேர்தலுக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது. பக்கத்துக் கதிரைகளில் பேச்சு சூடாக நடந்தது. கால் மணி நேரத்துக்குள் மூன்று வசனங்கள் என் காதில் விழுந்தன.

"35 வயசு ஆனால் ஆரும் சுயேச்சையா கேக்கலாம். அதாலதான் 39 பேர்."

"ரணில் சுயேச்சை எண்டால் அவருக்கு இப்ப கட்சி இல்லை எண்டுதானே அர்த்தம்."

"சங்குக்குப் போட்டால் அந்த வாக்கு ஒரு இடத்துக்கும் போகாது."

39 என்றது அந்தத் தேர்தலின் வேட்பாளர் தொகை. ரணில் அப்போதைய ஜனாதிபதி. சங்கு, தமிழ்ப் பொது வேட்பாளராக நின்றவரின் சின்னம். பேசியவர்கள் தினமும் பத்திரிகை வாசிப்பவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஆனாலும் மூன்று கூற்றும் பிழை. மூன்றாவது பாதிதான் பிழை, அதைக் கடைசியில் பார்ப்போம். இலங்கையில் ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தெரிவு செய்யத் தொடங்கியது 1982 ஒக்டோபரில். நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியும், வாக்குச்சீட்டில் பெயர்கள் எப்படி வந்து சேர்கின்றன என்பதை யாரும் எங்களுக்கு ஆறுதலாக இருந்து சொல்லித் தரவில்லை. ஆகவே அடியிலிருந்து தொடங்குகிறேன்.

முடிவு வேறு, மனு வேறு

உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தை நினைத்துப் பாருங்கள். அடுத்த தலைவர் யார் என்பது பொதுக்கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே தேநீர்க் கடையில் முடிவாகிவிடும். "இந்த முறை மாஸ்டர்தான்" என்று ஊரே சொல்லும். ஆனால் பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து அவர் பெயரை முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், மாஸ்டர் சந்தா கட்டிய அங்கத்தவராகவும் இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் தேநீர்க் கடை முடிவு தேநீர்க் கடையோடு நின்றுவிடும்.

ஜனாதிபதித் தேர்தலும் இப்படித்தான். "எங்கள் வேட்பாளர் இவர்" என்று ஒரு கட்சி மேடை போட்டு அறிவிப்பது அரசியல் முடிவு. அதற்குச் சட்டத்தில் எந்தப் பெறுமதியும் இல்லை. பெறுமதி உள்ளது வேட்புமனுவுக்கு மட்டும். வேட்புமனு என்பது, இன்னாரை வேட்பாளராக நியமிக்கிறோம் என்று தேர்தல் ஆணைக்குழுவிடம் கையெழுத்திட்டுக் கொடுக்கும் பத்திரம்.

இரண்டுக்கும் இடையில் பெரும்பாலும் சில நாட்கள் இருக்கும். 2024இல் பொதுஜன பெரமுன நாமல் ராஜபக்ஷவை வேட்பாளராக அறிவித்தது ஓகஸ்ட் 7ஆம் திகதி. வேட்புமனு ஏற்கப்பட்டது ஓகஸ்ட் 15. அதற்கு முந்தைய தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சிக்குள் ரணில் விக்கிரமசிங்கவுக்கும் சஜித் பிரேமதாசவுக்கும் இடையில் மாதக் கணக்காக இழுபறி. கட்சியின் செயற்குழு சஜித்தைத் தெரிவு செய்தது 2019 செப்டெம்பர் 26இல். மனுத் தாக்கல் ஒக்டோபர் 7. நாட்டின் மிகப் பெரிய கட்சிகளில் ஒன்று, மனுவுக்குப் பதினொரு நாள் முன்புதான் தன் வேட்பாளர் யாரென்று முடிவு கட்டியது.

அமெரிக்கத் தேர்தல் செய்திகளைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகியவர்கள் இங்கே ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே ஒரு கட்சியின் வேட்பாளரைத் தெரிவதற்கே மாநிலம் மாநிலமாக வாக்கெடுப்பு நடக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. செயற்குழு, மத்திய குழு, அரசியல் குழு என்று கட்சிக்குக் கட்சி பெயர் மாறும், ஆனால் ஒரு மேசையைச் சுற்றி இருக்கும் சிலர்தான் முடிவெடுக்கிறார்கள். கட்சியின் சாதாரண அங்கத்தவருக்கு அதில் ஒரு வாக்கும் கிடையாது. இது எனக்கு நெடுநாள் மனக்குறை. நாட்டுத் தலைவரைத் தெரிவு செய்யும் உரிமை எங்களுக்கு உண்டு என்கிறோம். யாருக்குள் இருந்து தெரிவு செய்வது என்பதை மட்டும் வேறு யாரோ முடிவு செய்கிறார்கள்.

சரி, இதுவரை பார்த்தது: கட்சி எடுப்பது முடிவு, ஆணைக்குழு ஏற்பது மனு. வாக்குச்சீட்டுக்குப் பெயரைக் கொண்டுபோவது மனுதான்.

தகுதி: இது சின்னப் பகுதி

வேட்பாளர் இலங்கைப் பிரஜையாக இருக்க வேண்டும். 35 வயது நிரம்பியிருக்க வேண்டும். வேறொரு நாட்டின் பிரஜாவுரிமையும் கையில் வைத்திருக்கக் கூடாது. மக்களால் இருமுறை ஜனாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டவர் மூன்றாம் முறை நிற்க முடியாது. 2019இல் கோட்டாபய ராஜபக்ஷவின் அமெரிக்கப் பிரஜாவுரிமை பற்றி அவ்வளவு சர்ச்சை நடந்தது இந்த இரட்டைப் பிரஜாவுரிமை விதியால்தான்.

பெரும்பாலானோருக்கு இவ்வளவும் தெரியும். அதனால்தான் "35 வயது ஆனால் போதும்" என்று நம்புகிறார்கள். தகுதி இருப்பது ஒரு விஷயம், நியமனம் கிடைப்பது இன்னொரு விஷயம். அடுத்த பகுதியைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள், விளக்கம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

இரண்டு கதவுகள்

தகுதியுள்ள ஒருவர் வேட்பாளராக உள்ளே நுழைய அரசியலமைப்பு இரண்டு கதவுகளை வைத்திருக்கிறது. 31ஆம் உறுப்புரையில் இது இருக்கிறது.

முதல் கதவு, அங்கீகரிக்கப்பட்ட அரசியல் கட்சி. தேர்தல் ஆணைக்குழு ஏற்றுப் பதிந்து, பெயரும் சின்னமும் கொடுத்து வைத்திருக்கும் கட்சிக்கு இந்தப் பெயர். அப்படி ஒரு கட்சி நியமித்தால் யாரும் நிற்கலாம். நேற்று வரை அரசியல் பக்கமே தலைவைத்துப் படுக்காதவராக இருந்தாலும் பரவாயில்லை. மனுவில் கட்சியின் செயலாளர் கையெழுத்திட வேண்டும். தலைவர் அல்ல, செயலாளர். கட்சிகளுக்குள் பிளவு வரும்போதெல்லாம் செயலாளர் பதவிக்காக நீதிமன்றப் படி ஏறுகிறார்களே, ஏன் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். பேனா அவர் கையில் இருப்பதுதான் காரணம்.

இரண்டாவது கதவு, பாராளுமன்றத்துக்குத் தெரிவான உறுப்பினராக இப்போது இருப்பவருக்கோ, முன்பு இருந்தவருக்கோ மட்டும் திறக்கும். அப்படிப்பட்டவரை அங்கீகாரம் பெறாத ஒரு கட்சியும் நியமிக்கலாம். அதுவும் வேண்டாம் என்றால் வாக்காளர் இடாப்பில் பெயருள்ள ஒரே ஒரு வாக்காளர் நியமித்தாலும் போதும். ஒரு குடிமகனின் கையெழுத்து. அவ்வளவுதான்.

இப்போது பந்தலில் கேட்ட முதல் வசனத்துக்குத் திரும்புவோம். நீங்களோ நானோ, ஒரு நாளும் பாராளுமன்றம் போகாதவர்கள், சுயேச்சையாக ஜனாதிபதித் தேர்தலில் நிற்க முடியாது. ஊரில் ஆயிரம் பேர் கையெழுத்திட்டுத் தந்தாலும் முடியாது. பிரதேச சபைக்கும் பாராளுமன்றத்துக்கும் சுயேச்சைக் குழு அமைத்துக் கேட்கலாம் என்பதால், இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

பழைய தேர்தல்களை இந்த விதியோடு சேர்த்துப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும். 1982இல் குமார் பொன்னம்பலம் போட்டியிட்டு ஒரு இலட்சத்து 73 ஆயிரத்துக்கு மேல் வாக்குப் பெற்றார். அவர் பாராளுமன்ற உறுப்பினராக இருந்ததில்லை. அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் என்ற கட்சி அவரிடம் இல்லாதிருந்தால் அவரால் நின்றிருக்கவே முடியாது. 2010இல் சரத் பொன்சேகா இராணுவத்திலிருந்து நேராக வந்தவர், 2019இல் கோட்டாபய ராஜபக்ஷவும் பாராளுமன்றம் போகாதவர். இருவருக்கும் முதல் கதவு ஒன்றே வழி. ஆகவே யாரோ ஒரு செயலாளரின் கையெழுத்து இருவருக்கும் தேவைப்பட்டது.

மறுபடி சொல்கிறேன். பாராளுமன்றம் போகாதவருக்கு அங்கீகரிக்கப்பட்ட கட்சி கட்டாயம். பாராளுமன்றம் போனவருக்கு ஒரு வாக்காளரின் கையெழுத்துப் போதும்.

அன்னத்தில் ஏறி வந்தவர்கள்

யாழ்ப்பாணம் – கொழும்பு பஸ் ஓட்ட ஒருவருக்கு ஆசை என்று வைத்துக்கொள்வோம். நல்ல பஸ் இருக்கிறது, நல்ல சாரதி இருக்கிறார், பயணிகளும் காத்து நிற்கிறார்கள். வழித்தட அனுமதி மட்டும் இல்லை. இன்னொருவரிடம் அனுமதி இருக்கிறது, ஓட்டுவதற்கு அவரிடம் பஸ் இல்லை. இருவரும் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வருவார்கள். பயணிகளுக்கு அனுமதிப் பத்திரத்தில் யார் பெயர் என்பது பற்றிக் கவலையில்லை, பஸ் கொழும்பு போனால் சரி.

ஜனாதிபதித் தேர்தலில் அந்த அனுமதிப் பத்திரம்தான் அங்கீகரிக்கப்பட்ட கட்சியும் அதன் சின்னமும். புதிய ஜனநாயக முன்னணியின் அன்னச் சின்னம் இதற்கு மிக நல்ல உதாரணம். 2010இல் சரத் பொன்சேகா அன்னத்தில் கேட்டார். 2015இல் மைத்திரிபால சிறிசேனவும் அன்னம். 2019இல் சஜித் பிரேமதாசவும் அன்னம். மூன்று தேர்தல், மூன்று மனிதர்கள், ஒரே பறவை. மூவருமே அந்தக் கட்சியில் வளர்ந்தவர்கள் இல்லை.

மைத்திரிபாலவின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அவர் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்தவர். 2014 நவம்பர் 21இல் அரசாங்கத்தை விட்டு வெளியே வந்து, எதிரணியின் பொது வேட்பாளர் தானே என்று அறிவித்தார். டிசம்பர் 8இல் வேட்புமனு. 2015 ஜனவரி 8இல் தேர்தல், 51.28 வீத வாக்கோடு வெற்றி. ஏழு கிழமைக்குள் எல்லாம் நடந்து முடிந்தது.

பொது வேட்பாளர் என்ற சொல் சட்டத்தில் எங்கேயும் இல்லை. பல கட்சிகள் சேர்ந்து ஒருவரை ஆதரிக்கும்போது நாங்கள் வழக்கத்தில் அப்படிச் சொல்கிறோம். அவரை ஐக்கிய தேசியக் கட்சி யானைச் சின்னத்தில் நிறுத்தியிருந்தால், யானைக்கு வாக்களித்துப் பழகாத சுதந்திரக் கட்சிக்காரர் தயங்கியிருப்பார்கள். அன்னம் யாருக்கும் பகையில்லாத சின்னம். பச்சைக்காரரும் (ஐக்கிய தேசியக் கட்சி) நீலக்காரரும் (சுதந்திரக் கட்சி) மனச் சங்கடம் இல்லாமல் அதற்கு வாக்களிக்கலாம். வடக்கிலும் கிழக்கிலும் எங்கள் ஆட்களும் அன்னத்துக்கே போட்டார்கள்.

இதைத் தந்திரம் என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத கட்சிகள் ஒரு தேர்தலுக்காவது ஒன்றாக நிற்க, சொந்தப் பாரம் இல்லாத ஒரு சின்னம் தேவைப்படுகிறது. வாக்காளரிடம் மறைப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை, வேட்பாளரின் முகமும் பின்னால் நிற்பவர்களும் மேடையில் வெளிப்படையாகத் தெரிகிறார்கள்.

சுயேச்சை என்றால் கட்சி இல்லாதவரா?

இல்லை. சுயேச்சை வேட்பாளர் என்றால் அவரது மனுவை அங்கீகரிக்கப்பட்ட கட்சி எதுவும் கொடுக்கவில்லை என்று மட்டும்தான் பொருள். அவர் எந்தக் கட்சியில் இருக்கிறார், எந்தக் கட்சிக்குத் தலைவர் என்பதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் வராது.

2024இல் ரணில் விக்கிரமசிங்க ஐக்கிய தேசியக் கட்சியின் தலைவராக இருந்துகொண்டே சுயேச்சையாகப் போட்டியிட்டார். ஜூலை 26இல் தேர்தல் அறிவிக்கப்பட்ட அன்றே அவர் சார்பில் சுயேச்சையாகக் கட்டுப்பணம் செலுத்தப்பட்டது. யானை வீட்டில் இருக்க, எரிவாயு சிலிண்டர் சின்னத்தில் கேட்டார். அப்போது பொதுஜன பெரமுனவிலிருந்து பிரிந்து அவரை ஆதரித்த பாராளுமன்ற உறுப்பினர்கள் பலர். பெரமுனவின் மொட்டுச் சின்னத்தில் வென்றவர்கள் யானைக்கு வாக்குக் கேட்டால் ஊரில் முகம் கொடுக்க முடியாது, சிலிண்டருக்குக் கேட்கலாம். அன்னம் 2015இல் செய்த வேலைதான் இதுவும். மைத்திரிபாலவுக்கு அந்த வசதி முதல் கதவால் கிடைத்தது, ரணிலுக்கு இரண்டாவது கதவால் கிடைத்தது.

அதே தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்றவர் பாக்கியசெல்வம் அரியநேத்திரன். அவரும் சுயேச்சைதான், அவரும் கட்சி உள்ளவர்தான். இலங்கைத் தமிழரசுக் கட்சிக்காரர். ஆனால் தமிழரசுக் கட்சி செப்டெம்பர் 1இல் கூடி, சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதென்று முடிவெடுத்தது. தன் கட்சி ஒரு பக்கம் நிற்க, அதன் உறுப்பினர் இன்னொரு பக்கம் வேட்பாளராக நின்றது எப்படி என்று வெளிநாட்டிலிருந்து என்னிடம் கேட்டவர்கள் உண்டு. மட்டக்களப்பின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் என்பதுதான் விடை. இரண்டாவது கதவு அவருக்குத் திறந்திருந்தது. தன் கட்சிச் செயலாளரின் பேனாவை அவர் எதிர்பார்த்திருக்கத் தேவையில்லை. இதற்கு முன் 2010இலும் 2019இலும் எம். கே. சிவாஜிலிங்கம் சுயேச்சையாக நின்றதும் இதே வழியில்தான்.

தமிழ்த் தரப்பில் யாரை நிறுத்தலாம் என்று பேச்சு வரும்போதெல்லாம், முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர்களின் பெயர்களே ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதற்கும் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஒரு பேராசிரியரையோ மதகுருவையோ நிறுத்துவதென்றால் முதலில் ஒரு கட்சி தன் பெயரையும் சின்னத்தையும் அவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

கட்டுப்பணமும் 39 பேரும்

வேட்புமனுவோடு சேர்ந்து வருவது கட்டுப்பணம். விளையாட்டாக யாரும் மனுப் போடக்கூடாது என்பதற்காக வேட்பாளர் முன்கூட்டிச் செலுத்தும் தொகை. போதிய வாக்குக் கிடைக்காவிட்டால் அது அரசுக்குப் போய்விடும். கல்யாண மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவது மாதிரி, கட்டியவர் வருவார் என்ற நம்பிக்கைக்காக.

1981ஆம் ஆண்டின் ஜனாதிபதித் தேர்தல்கள் சட்டப்படி, அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு 50,000 ரூபாய், மற்றவர்களுக்கு 75,000 ரூபாய். 2024 தேர்தலிலும் இதே தொகைதான். 1981இல் 50,000 ரூபாய் என்றால் ஒரு காணித்துண்டு வாங்கும் காசு. 2024இல் அது ஒரு நடுத்தரக் கைத்தொலைபேசியின் விலை. பக்கத்தில் இன்னொரு எண்ணை வைத்துப் பாருங்கள். 2024இல் வேட்பாளர் ஒருவர் செலவு செய்யக்கூடிய உச்சவரம்பு, வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபாய் என்று விதிக்கப்பட்டது. பதிவான வாக்காளர்கள் 1 கோடியே 71 இலட்சத்துக்கு மேல். பெருக்கினால் சுமார் 186 கோடி ரூபாய் வருகிறது. 186 கோடி செலவழிக்கக்கூடிய போட்டிக்கு நுழைவுச் சீட்டு 50,000 ரூபாய்.

விளைவு என்ன? 1982இல் 6 பேர். 1988இல் 3 பேர். 2010இல் 22, 2015இல் 19, 2019இல் 35. 2024இல் 40 பேர் கட்டுப்பணம் செலுத்தி, 39 பேரின் மனுக்கள் ஏற்கப்பட்டன. அவர்களில் ஒருவர் தேர்தலுக்கு முன்பே காலமானார். அந்த 39 பேரில் ஒரு பெண்கூட இல்லை என்பதையும் சொல்லியே ஆக வேண்டும். 1994இல் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்கவும் ஸ்ரீமா திசாநாயக்கவும் முதல் இரு இடங்களில் நின்ற நாடு இது.

வெல்லவே முடியாது என்று தெரிந்தும் ஏன் இத்தனை பேர் வருகிறார்கள்? எல்லாரையும் ஒரே கூடையில் போட முடியாது. சிலர் ஒரு கொள்கையைச் சொல்ல வருகிறார்கள். சிலர் ஒரு சமூகத்தின் குரலைப் பதிவு செய்ய வருகிறார்கள், அரியநேத்திரன் வந்தது அப்படி. சிலர் அடுத்த பாராளுமன்றத் தேர்தலுக்கு முகம் காட்டுகிறார்கள். இன்னும் சிலர் வேறொரு பெரிய வேட்பாளருக்கு உதவவே வருகிறார்கள். வேட்பாளர் என்று ஆகிவிட்டால் அரச வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேச நேரம் கிடைக்கும். வாக்களிப்பு நிலையத்திலும் வாக்கெண்ணும் நிலையத்திலும் முகவர்களை நியமிக்கலாம். அந்த நேரத்தையும் அந்த முகவர்களையும் இன்னொருவருக்காகப் பயன்படுத்த முடியும். பேச்சு வழக்கில் இவர்களைத்தான் டம்மி வேட்பாளர் என்கிறோம். கட்டுப்பணத்தை உயர்த்த வேண்டும் என்று எழும் யோசனைக்கு முக்கிய காரணம் இவர்கள். ஆனால் அளவுக்கு மீறி உயர்த்தினால் முதலில் அடிபடப் போவது டம்மிகள் இல்லை. அவர்களுக்குப் பின்னால் பணம் இருக்கிறது. காசில்லாத கொள்கைக்காரர்தான் வெளியே நிற்பார்.

மனு நாளன்று என்ன நடக்கும்?

இது நேரான விஷயம். ஒரே நாள், ராஜகிரியவில் உள்ள தேர்தல் ஆணைக்குழு அலுவலகம், காலையில் குறித்த சில மணி நேரம். மனுக்கள் கையளிக்கப்படும், ஆட்சேபனை இருந்தால் அங்கேயே எழுப்பலாம், ஆணைக்குழு அங்கேயே தீர்மானிக்கும். பிறகு சின்னங்கள் உறுதியாகும். மாவட்டந்தோறும் மனுக் கொடுக்கும் பாராளுமன்றத் தேர்தல் போல இது இல்லை, ஏனென்றால் முழு நாடும் ஒரே தொகுதி.

மனுவுக்குப் பிறகு கட்சியொன்றின் வேட்பாளர் இறந்துபோனால் அந்தக் கட்சி வேறொருவரைப் பெயரிடலாம். இந்த விதி நினைக்கவே நெஞ்சு கனக்கும் ஒரு நாளில் பயன்பட்டது. 1994 ஒக்டோபர் 24இல், கொழும்பு தொட்டலங்கவில் தேர்தல் கூட்டத்தில் நடந்த குண்டுவெடிப்பில் ஐக்கிய தேசியக் கட்சி வேட்பாளர் காமினி திசாநாயக்க கொல்லப்பட்டார். தேர்தலுக்கு 16 நாட்கள்தான் இருந்தன. கட்சி அவரது மனைவி ஸ்ரீமாவை அவர் இடத்தில் நிறுத்தியது. தேர்தல் தள்ளிப்போகவில்லை, நவம்பர் 9இல் நடந்தது.

நிறையப் பேர் நின்றால் வாக்குப் பிரியுமா?

இப்போது பந்தலில் கேட்ட மூன்றாவது வசனம். இதற்கு மீன் சந்தைக்குப் போக வேண்டும்.

அம்மா மகனைச் சந்தைக்கு அனுப்புகிறார். "விளைமீன் வாங்கிக்கொண்டு வா. விளை இல்லாட்டி பாரை. அதுவும் இல்லாட்டி சூடை." மகன் போய்ச் சேரும்போது பாரையும் சூடையும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவன் பாரையோடு வருவான். அம்மா விளைமீன் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால்? வெறும் பையோடு வீட்டுக்கு வருவான்.

ஜனாதிபதித் தேர்தல் வாக்குச்சீட்டிலும் மூன்று சொல்ல இடமுண்டு. முதலில் விரும்புபவருக்கு 1, அடுத்தவருக்கு 2, அதற்கும் அடுத்தவருக்கு 3. இந்த 2ஐயும் 3ஐயும் விருப்பு வாக்கு என்கிறோம்.

எண்ணும் முறை இப்படி. முதலில் எல்லாச் சீட்டிலும் 1 மட்டும் எண்ணப்படும். செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல் ஒருவர் எடுத்துவிட்டால் அதோடு முடிந்தது. யாரும் எடுக்காவிட்டால் முதல் இருவரை வைத்துக்கொண்டு மற்ற எல்லாரும் நீக்கப்படுவார்கள். சந்தையில் இரண்டு மீன் மட்டும் மிஞ்சும் கட்டம் இதுதான். நீக்கப்பட்டவர்களுக்கு 1 போட்ட சீட்டுகளை எடுத்து, 2 யாருக்கு என்று பார்ப்பார்கள். மிஞ்சிய இருவரில் ஒருவருக்கு 2 இருந்தால் வாக்கு அவருக்குப் போகும். 2 வேறு யாருக்கோ என்றால் 3ஐப் பார்ப்பார்கள். அதிலும் இவர்கள் இல்லையென்றால் அந்தச் சீட்டு ஒதுக்கி வைக்கப்படும்.

ஆகவே சங்குக்கு 1 போட்டு, முன்னணியில் நிற்கும் ஒருவருக்கு 2 போட்டவரின் வாக்கு வீணாகாது. சங்குக்கு மட்டும் போட்டவரின் வாக்கு முதற் சுற்றில் முழுமையாக எண்ணப்பட்டு, சங்கின் கணக்கில் பதிவாகும். அந்தக் கணக்கு 226,343. இரண்டாம் சுற்றுக்கு அது போகாது. "எங்கேயும் போகாது" என்பதில் பாதி பிழை என்று நான் சொன்னது இதனால்தான்.

2019 வரை இரண்டாம் எண்ணிக்கைக்குத் தேவையே வரவில்லை. 2005இல் மட்டும் நூலிழை. மஹிந்த ராஜபக்ஷவுக்கு அப்போது 50.29 வீதம். பாதியை அவர் தாண்டியது சுமார் 28,600 வாக்குகளால். 2024இல்தான் வரலாற்றில் முதன்முறையாகப் பாதியை யாரும் தாண்டவில்லை. அநுர குமார திசாநாயக்க 5,634,915, அதாவது 42.31 வீதம். சஜித் பிரேமதாச 4,363,035, அதாவது 32.76 வீதம். மற்ற எல்லாரும் நீக்கப்பட்டார்கள், பதவியில் இருந்த ஜனாதிபதி ரணில் உட்பட.

நீக்கப்பட்டவர்களுக்கு விழுந்திருந்த சீட்டுகள் ஏறத்தாழ 33 இலட்சம். அவற்றிலிருந்து அநுரவுக்குப் போய்ச் சேர்ந்த விருப்பு வாக்கு 105,264. சஜித்துக்கு 167,867. இரண்டும் சேர்ந்து 273,131. கணக்குப் பாருங்கள், 33 இலட்சத்தில் மூன்று இலட்சம்கூட இல்லை. மீதி 30 இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள், அம்மா ஒரு மீனின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பியதாலோ, மிஞ்சிய இரண்டும் அவர் சொன்ன மூன்றில் இல்லாததாலோ, வெறும் பையோடு திரும்பின. எனக்கு இந்தத் தேர்தலில் மிகவும் மனதைத் தைத்த எண் இதுதான்.

இரண்டாம் எண்ணிக்கை முடிவில் அநுரவுக்கு 5,740,179, அதாவது 55.89 வீதம். செய்தியில் இதைப் பார்த்துவிட்டு, கடைசியில் நாட்டில் பாதிக்கு மேல் அவருக்குத்தான் என்று சொன்னவர்கள் உண்டு. அந்த 55.89 வீதம், இருவருக்கும் சேர்ந்த வாக்குகளில் கணக்கிட்டது. செல்லுபடியான எல்லா வாக்குகளிலும் பார்த்தால் அது சுமார் 43 வீதம். வெற்றி சட்டப்படி முழுமையானது, அதில் சந்தேகமில்லை. பேச்சில் எண்ணைப் பயன்படுத்தும்போது எதன் வீதம் என்று தெரிந்து பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

சுருக்கினால்: நிறையப் பேர் நிற்பதால் மட்டும் வாக்கு வீணாவதில்லை. 2ஐயும் 3ஐயும் வெறுமையாக விடும்போதுதான் இரண்டாம் சுற்றில் வாக்கு இல்லாமல் போகிறது.

சீட்டைக் கையில் எடுத்தால்

ஒருவருக்கு மட்டும் வாக்களிப்பதென்றால் 1 என்று எழுதலாம், புள்ளடியும் இடலாம். விருப்பு வாக்கும் கொடுப்பதென்றால் புள்ளடியை மறந்துவிடுங்கள், 1, 2, 3 என்று எண்களை மட்டும் எழுதுங்கள். இரண்டையும் கலந்தால் சீட்டே நிராகரிக்கப்படும் ஆபத்து இருக்கிறது. 2024இல் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் மட்டும் 300,300. அப்புறம் இன்னொன்று. உங்கள் 1 வெல்ல வாய்ப்பில்லாத ஒருவருக்கு என்றால், 2 அல்லது 3இல் ஒன்றாவது முதல் இரண்டு இடங்களுக்கு வரக்கூடிய ஒருவருக்கு இருக்கட்டும். மூன்றையும் சின்ன வேட்பாளர்களுக்கே கொடுத்தால், மகன் சந்தையில் இல்லாத மூன்று மீனைத் தேடிவிட்டு வந்தது போலத்தான்.